பண்பாட்டு மானிடவியல் படித்தால் எங்கே போகலாம்?

மானிடவியலில் முதுகலை சேரலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள்: எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, முடித்தால் என்ன வேலை கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. அந்தத் துறை தன் மாணவர்களை எத்தனை நாள் களத்தில் தங்க வைக்கிறது? அவர்கள் எழுதி வரும் குறிப்பேட்டை யாராவது உட்கார்ந்து படித்துத் திருத்துகிறார்களா? மக்களோடு தங்கி அவர்கள் வாழ்முறையை ஆயும் பண்பாட்டு மானிடவியலில் படிப்பின் தரமும் பிறகு அமைகிற வேலையும் இதைப் பொறுத்தவைதான் என்பது என் உறுதியான எண்ணம். கோட்பாடுகளை நூலகத்தில் படித்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதையும், கேட்டதை அன்றிரவே எழுதி வைப்பதையும் வகுப்பறை கற்றுத்தராது.

எங்கே சேரலாம்

கல்கத்தா பல்கலைக்கழகம் 1920இல் மானிடவியலை முதுகலைப் பாடமாக்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945இல் துறை வந்தது, தில்லியில் 1947இல். தெற்கில் புதுச்சேரி, ஹைதராபாத், திருப்பதி வெங்கடேஸ்வரா, விசாகப்பட்டினம் ஆந்திரா, மைசூரு, தார்வாடு கர்நாடகா, கண்ணூர் ஆகிய பல்கலைக்கழகங்களிலும் துறைகள் உண்டு. புதுச்சேரி, ஹைதராபாத் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர க்யூட் முதுகலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். இலங்கையில் மானிடவியல் பெரும்பாலும் சமூகவியல் துறைக்குள்ளேயே கற்பிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் இளங்கலையில் மானிடவியல் கிடைப்பது அரிது. அதனால் முதுகலைக்கு வருகிறவர்கள் வரலாறு, தமிழ், சமூகப்பணி, விலங்கியல், பொறியியல் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அது குறையே அல்ல. தமிழ் இலக்கியம் படித்தவருக்கு வட்டார வழக்கில் காது பழகியிருக்கும். விலங்கியல் படித்தவருக்கு மரபியல் தாள் சுமையாக இராது.

சேருவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. இந்தியப் பாடத்திட்டம் நான்கு கிளைகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது: உடல் மானிடவியல், தொல்லியல், மொழி, சமூக-பண்பாட்டு மானிடவியல். சில இடங்களில் பட்டம் எம்.ஏ., சில இடங்களில் எம்.எஸ்சி. திருவிழாவையும் உறவுமுறையையும் படிக்கலாம் என்று வருகிறவர் முதல் பருவத்திலேயே மண்டையோட்டின் பகுதிகளையும் ரத்த வகைகளையும் படிக்க நேர்ந்து திகைத்துப்போவதுண்டு. முதல் பருவத்தில் படிப்பை விட்டுப் போவதற்கு இந்தத் திகைப்பும் ஒரு காரணம். பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, நான்கு பருவங்களிலும் பண்பாட்டுத் தாள்கள் எத்தனை, களப்பணிக்கு எத்தனை கிரெடிட் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஒரு துறையை எடைபோட இன்னொரு வழி, அந்தத் துறையின் நூலகத்தில் அண்மைய ஆண்டுகளின் மாணவர் ஆய்வேடுகளைப் புரட்டுவது. அதில் ஊரின் வரைபடம் மாணவர் கையால் வரைந்ததா, கூகுளில் எடுத்து ஒட்டியதா? வம்சாவளி வரைபடம் இருக்கிறதா? மக்கள் பேசியது அவர்கள் பேசியபடியே இருக்கிறதா, பாடநூல் நடைக்கு மாறிவிட்டதா? மாவட்ட விவரக் குறிப்பு நாற்பது பக்கமும் களத்தில் கண்டது பத்துப் பக்கமுமாக ஆய்வேடுகள் இருந்தால், அங்கே களப்பணி சடங்காகிவிட்டது என்று பொருள்.

வாசிப்பு

கோட்பாட்டுச் சுருக்கங்களை மனப்பாடம் செய்து மாலினோவ்ஸ்கி செயல்பாட்டியம், லெவி-ஸ்ட்ராஸ் அமைப்பியல் என்று ஒப்பிப்பது தேர்வுக்கு உதவும், வேறு எதற்கும் உதவாது. ஒரு இனவரைவியலை, அதாவது ஒரு மக்களின் வாழ்க்கையைக் களத்தில் கண்டு எழுதிய நூலை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பது பத்துச் சுருக்கங்களுக்கு மேல். நம் பகுதியைப் பற்றியே போதுமான அளவு இருக்கின்றன. தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் எழுதியது 1906இல் வந்தது. வம்சாவளி முறையை அவர் எப்படிக் கையாண்டார் என்பதை அதில் நேரடியாகப் பார்க்கலாம். பிறமலைக் கள்ளர்களிடையே களப்பணி செய்த லூயி துய்மோன் 1957இல் பிரெஞ்சில் எழுதினார். கேத்லீன் கஃப், ஆந்த்ரே பெத்தேய் இருவரும் தஞ்சைக் கிராமங்களை ஆய்ந்தார்கள். பிரெண்டா பெக் கொங்குப் பகுதியை. இலங்கைத் தமிழரான ஸ்டான்லி தம்பையா தாய்லாந்துப் பௌத்தத்தை ஆய்ந்து ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தார். சொந்த ஊரைத்தான் ஆய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மூக்கின் நீள அகலத்தை அளந்து மனிதர்களை வகைப்படுத்திய காலத்தின் நூல் அது. அதிலுள்ள ஒரு வரியை இன்றைய ஒரு சமூகத்தின் இயல்பாக எடுத்து ஆய்வேட்டில் வைப்பது இப்போதும் நடக்கிறது. அந்த வரியை யார் சொன்னார்கள், யாரிடம் கேட்டு எழுதினார்கள் என்று கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

களம்

முதுகலைக் களப்பணி பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம். குழுவாகப் போவார்கள், ஒரு பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்குவார்கள். முதல் இரண்டு நாளுக்குப் பேட்டி எதுவும் வேண்டாம். ஊரை நடந்து வரையுங்கள்: தெருக்கள், கோயில்கள், மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, டீக்கடை, சுடுகாட்டுப் பாதை. எந்தக் குழாயில் யார் தண்ணீர் பிடிக்கிறார்கள், தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்பதெல்லாம் வரையும்போதே கண்ணில் படும்.

அடுத்து வீடுவாரிக் கணக்கெடுப்பு. ஒருவர் ஒரு நாளில் ஒழுங்காக முடிக்கக்கூடியது எட்டிலிருந்து பத்து வீடு. அதற்கு மேல் போனால் படிவம் நிரம்பும், விவரம் இராது. இங்கே முதல் சிக்கல், ஒரு குடும்பம் என்பது எது. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பொதுச் சமையலைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. ரேஷன் அட்டையை நம்பி எண்ணினால் கணக்கு தப்பும். ஒன்றாகச் சமைத்து உண்ணும் அண்ணன் தம்பிகள் அட்டையைப் பிரித்து வாங்கியிருப்பார்கள்; பாகம் பிரிந்து தனியாகச் சமைப்பவர்கள் பழைய அட்டையிலேயே இருப்பார்கள். அடுப்பைக் கேளுங்கள்.

வம்சாவளி வரைவதுதான் இந்தப் படிப்பின் கைத்தொழில். முக்கோணம் ஆண், வட்டம் பெண், சமக்குறி திருமணம், மேலே கிடைக்கோடு கூடப் பிறந்தவர்கள், செங்குத்துக் கோடு பெற்றோர்-பிள்ளை, இறந்தவர் மேல் சாய்வுக் கோடு. எந்த நபரிலிருந்து தொடங்குகிறோமோ அவரை மட்டும் கறுப்பாக்கிக்கொள்ள வேண்டும். வகுப்பில் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். களத்தில் ஏன் தவறுகிறது என்றால், தமிழ் உறவுச்சொல் ஒன்றுக்குள் பலர் இருப்பார்கள். ‘எங்க அண்ணன்’ என்று ஒருவர் சொன்னால் அது உடன்பிறந்தவராகவும் இருக்கலாம், பெரியப்பா மகனாகவும் இருக்கலாம், பெரியம்மா மகனாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் ‘கூடப் பிறந்தவங்களா, பெரியப்பா வீடா, பெரியம்மா வீடா?’ என்று கேட்டுத்தான் கோடு போட வேண்டும். படிவத்தில் ‘அண்ணன்’ என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டால், தங்கும் இடத்தில் அதைப் பிரிக்க யாராலும் முடியாது.

அக்கா மகளைத் தாய்மாமன் கட்டியிருக்கும் குடும்பங்களில் படம் இன்னும் சிக்கலாகும். தலைமுறைகளைச் சீரான வரிசைகளாக வைத்துக்கொண்டு தொடங்குகிற மாணவர், அந்தத் திருமணத்துக்கு வரும்போது சமக்குறியைச் சாய்வாகப் போட வேண்டியிருக்கும். அந்தத் தம்பதியின் குழந்தைக்கு அம்மாவின் அம்மாவும் அப்பாவின் அக்காவும் ஒரே ஆள். அவரை அந்தக் குழந்தை அம்மாச்சி என்று கூப்பிடுகிறதா, அத்தை என்று கூப்பிடுகிறதா? எந்தச் சொல் வெல்கிறது, யார் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்; அடுத்த அரை மணி நேரம் வீடே கூடி விவாதிக்கும். சொத்து, சீர், எந்தப் பக்கத்து உரிமை பெரிது என்பதெல்லாம் அந்த விவாதத்தில் தானாக வந்து விழும். கோடுகள் சரியாக இருந்தால்தான் இந்தக் கேள்வியே தோன்றும்.

விடுபடுகிறவர்கள் யார் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததுதான்: சிறு வயதில் இறந்த குழந்தைகள், தூரத்தில் கட்டிக்கொடுத்த பெண்கள், முதல் மனைவி, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு ஊரை விட்டுப் போனவர்கள். ‘எத்தனை பிள்ளைங்க?’ என்று ஆண்களிடம் கேட்டால் வீட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணிச் சொல்வது சகஜம். அதே கேள்வியை வீட்டுப் பெண்களிடம் தனியாக, ‘மொத்தம் எத்தனை பிரசவம், தவறினதும் சேர்த்துச் சொல்லுங்கம்மா’ என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். சாதி மாறிப் போனவர்களைப் பற்றித் துருவிக் கேட்கவே கூடாது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதும்போது ஊரையும் ஆண்டையும் மறைத்து எழுதுங்கள். ஓர் உயிரைக் காட்டிக்கொடுக்கிற தகவலாக அது மாறிவிடலாம்.

வயது கேட்டால் முதியவர்கள் ‘அறுபது இருக்கும்’ என்பார்கள். ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று இருந்தால் அதுவும் உத்தேசம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்வு நாட்காட்டி ஒன்றை முதலிலேயே தயாரித்துக்கொண்டால் வேலை சுலபம்: 1964 தனுஷ்கோடிப் புயல், 1967 ஆட்சி மாற்றம், 1977 நாகைப் புயல், 1987 எம்ஜிஆர் மறைவு, 2004 சுனாமி. இவற்றோடு ஊருக்கே உரிய நிகழ்வுகள்: பள்ளிக்கூடம் வந்தது, கரண்டு வந்தது, கும்பாபிஷேகம் நடந்தது. ‘எம்ஜிஆர் செத்தப்ப உங்க மூத்த பையன் நடந்துட்டானா?’ என்பதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஓராண்டு முன்பின்னாகச் சரியாக இருக்கும்.

பேட்டியில் கேள்வி அருவமாக இருந்தால் பதில் பொய்யாக இருக்கும். ‘உங்கள் சமூகத்தில் வரதட்சணை உண்டா?’ என்றால் ‘அதெல்லாம் இல்லைங்க’ என்பதோடு முடிந்துவிடும். ‘சின்னப் பொண்ணு கல்யாணத்துக்கு நகை எத்தனை பவுன் போட்டீங்க, சீர் என்ன செஞ்சீங்க, மண்டபச் செலவு யாரு பார்த்தாங்க, மொய் எவ்வளவு வந்துச்சு?’ என்றால் கணக்கே வரும்.

மொய் என்றதும், மொய் நோட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் களப்பணி செய்கிறவர்களுக்கு இதைவிடச் செறிவான ஆவணம் வேறு இல்லை என்பேன். ஊர், பெயர், தொகை என்று வரிவரியாக எழுதப்பட்ட அந்த நோட்டு, ஒரு குடும்பத்தின் உறவு வட்டம் முழுவதையும் கொடுக்கல் வாங்கலோடு காட்டுகிறது. அதைப் படியெடுக்கும் முறை இது. முதலில் வீட்டுக்காரரின் சம்மதம். அது அவர் யாருக்கெல்லாம் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதன் பட்டியல், கடன் பத்திரத்துக்குச் சமம் என்பதை மறக்கக் கூடாது. விரிதாளில் ஐந்து பத்திகள்: ஊர், பெயர், உறவு, தொகை, இந்த வீட்டிலிருந்து அவருக்கு முன்பு செய்தது. உறவு பெரும்பாலும் நோட்டில் எழுதப்பட்டிருக்காது. அதனால் வீட்டிலிருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் ‘இவங்க உங்களுக்கு எப்படி வேணும்?’ என்று கேட்க வேண்டும். இருநூறு வரிக்கு இரண்டு அமர்வாவது பிடிக்கும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் நூறாவது வரிக்குப் பிறகு எல்லோரும் ‘பங்காளி’ ஆகிவிடுவார்கள். செல்வம் என்ற பெயரில் நான்கு பேர் இருப்பார்கள், தந்தை பெயர் கேட்டு எண் கொடுத்துவிடுங்கள். பிறகு தொகைவாரியாக அடுக்கிப் பார்த்தால் தாய்மாமன் எங்கே நிற்கிறார், சம்பந்தி எங்கே, வேறு சாதி நண்பர்கள் எத்தனை பேர், ஊருக்குள் இருந்தும் எழுதாதவர் யார் என்பது தெரியும். அந்தக் கடைசிக் கேள்வி பகையின் வரலாற்றுக்குள் கொண்டுபோகும். அதை நோட்டை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், சில நாள் கழித்து வேறு பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

எங்கே தங்குகிறோம் என்பது என்ன கேட்கக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பெத்தேய் தஞ்சைக் கிராமத்தில் அக்ரஹாரத்தில் தங்கினார். தன்னை அந்தத் தெருக்காரராகவே ஊர் பார்த்தது, சேரியில் இயல்பாகப் பழக அது தடையாயிற்று என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். இன்றும் ஊராட்சித் தலைவர் வீட்டில் தங்கி, அவர் பைக்கில் காலனிக்குப் போய் இறங்கினால், அங்கே கிடைப்பது அவருக்குச் சொல்லும் பதில்தான். பொது இடத்தில் தங்குங்கள். முதல் வாரத்திலேயே ஊர்த்தெரு, காலனி இரண்டிலும் டீயோ சாப்பாடோ வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். யார் வீட்டில் கை நனைத்தோம் என்பதை ஊர் கவனித்துக்கொண்டேதான் இருக்கும்.

குறிப்பெழுதுவதில் மூன்று அடுக்கு. களத்தில் சட்டைப்பை நோட்டில் சொற்களும் எண்களும். அன்றிரவு அவற்றை விரித்து முழு வாக்கியங்களாக. தனியாக ஒரு நாட்குறிப்பில் நம் எரிச்சல், சந்தேகம், ஊகம். இரவு எழுத இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். அடுத்த நாளைக்குத் தள்ளினால் உரையாடல் போய்விடும், அதன் சாரம் மட்டும் மிஞ்சும். சாரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பதிவு செய்த ஒரு மணி நேரப் பேச்சைப் படியெடுக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். மாணவர்கள் முப்பது பேட்டி எடுத்துவிட்டுப் பத்தோடு நின்றுபோவது இந்தக் கணக்கைப் போடாததால்தான். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் செயலிகள் வட்டார வழக்கில் தடுமாறுகின்றன, வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். ‘வந்துச்சு’ என்றால் ‘வந்துச்சு’ என்றே இருக்கட்டும்.

மானிடவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றைப் பற்றிப் பதினெட்டு ஆண்டுகளாகச் செப்பனிட்டு வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் அறையில் இருந்தபோது தீவைப்பில் எரிந்துபோயின. மூன்று படி இருந்தும் மூன்றும் ஒரே இடத்தில் இருந்ததுதான் கேடு. நோட்டின் பக்கங்களை அன்றன்றே படமெடுத்து மேகக் கிடங்கில் (க்ளவுட்) ஏற்றுங்கள், ஒலிக்கோப்புகளைத் தனி வன்தட்டில் வையுங்கள், மெமரி கார்டைப் பையிலிருந்து பிரித்து வையுங்கள்.

சம்மதம் பற்றி ஒரு வார்த்தை. பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கையெழுத்துப் படிவம் கேட்கும். கிராமத்தில் தெரியாத காகிதத்தில் கையெழுத்து என்றால் நிலம், கடன், வழக்கு என்ற மூன்றும் நினைவுக்கு வரும், பயப்படுவது நியாயம். வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவாக வாங்குவது பல நெறிமுறைக் குழுக்கள் ஏற்கும் வழி. விண்ணப்பத்திலேயே அதைக் காரணத்தோடு எழுதி அனுமதி பெற்றுவிடுங்கள். பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஊராட்சித் தலைவர், பூசாரி, சத்துணவு அமைப்பாளர் என்றாலே ஊரில் அது ஒரே ஆள். காப்புக்காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆய்வுத் தலைப்பு உறுதியான அன்றே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

வேலை

பேராசிரியர் ஆவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. கல்லூரி ஆசிரியர் பணிக்கான யூஜிசி நெட் தகுதித் தேர்வில் மானிடவியல் ஒரு பாடம்; இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. வழி தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் துறைகள் குறைவு, பணியிடங்கள் அதைவிடக் குறைவு. இதை மட்டுமே நம்பி யாரும் சேர வேண்டாம் என்பேன். சமூகவியல், சமூகப்பணி, வளர்ச்சி ஆய்வுத் துறைகளிலும் விண்ணப்பிக்கும்படி ஆய்வுத் தலைப்பை அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அரசுப் பக்கம், 1945இல் தொடங்கிய இந்திய மானிடவியல் அளவீட்டுத் துறை கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டது, தெற்கு மண்டல மையம் மைசூரில். 1985இல் அது தொடங்கிய ‘இந்திய மக்கள்’ திட்டம் 4,600க்கும் மேற்பட்ட சமூகங்களைப் பதிவு செய்தது. உதகை அருகே முத்தோரை பாலாடாவில் தமிழ்நாட்டின் பழங்குடியினர் ஆய்வு மையம் 1983 முதல் இயங்குகிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் மானிடவியல் பிரிவு உண்டு. போபாலில் மானிடவியலுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. இவற்றில் நிரந்தர இடங்கள் அடிக்கடி வருவதில்லை. திட்டப் பணியாளர், ஆய்வு உதவியாளர் என்று ஒப்பந்த வேலைகள் வருகின்றன.

மாணவர்கள் குறைத்து மதிப்பிடும் ஒரு வேலை, இனவரைவியல் அறிக்கை எழுதுவது. ஒரு சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்றால் மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், இந்தியத் தலைமைப் பதிவாளரும் தேசியப் பழங்குடியினர் ஆணையமும் ஒப்ப வேண்டும், பிறகு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். தமிழ்நாட்டின் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகம் பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் இந்தத் திருத்தத்தைப் பெற்றது. இந்தக் கோப்பின் உள்ளே இருப்பது களத்தில் எடுத்த விவரம்தான். பழங்குடியை அடையாளம் காண 1965 லோகூர் குழு வகுத்த ஐந்து அளவுகோல்களில் ‘வெளியாரோடு பழகக் கூச்சம்’ என்பதும் ஒன்று. பேருந்து நிலையத்தில் ஊசி மணி விற்பவர்களிடம் அந்தக் கூச்சத்தைத் தேடுவதில் என்ன நியாயம்? இந்த அளவுகோல்கள் மாற வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். மாறாத வரை, ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு கிடைப்பதும் தள்ளிப்போவதும் அந்த அறிக்கையை எழுதுகிறவரின் நேர்மையையும் கூர்மையையும் சார்ந்திருக்கிறது.

2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கி, அதை ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. இதற்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு வேண்டியது வீடுவாரிக் கணக்கெடுப்பு தெரிந்தவர்கள். பட்டா இல்லாமல் மேய்ச்சலுக்கும் குத்தகைக்கும் அந்த நிலத்தை நம்பியிருப்பவர்களைப் பட்டியலில் கொண்டுவருவது இந்த வேலையின் கடினமான பகுதி. மேலிருந்து எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் வரலாம். மூலப் படிவங்களின் நகல் கையில் இல்லாதவர் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது. 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் சமூக உரிமைக் கோரிக்கைக்கு எல்லைகளையும் பழைய பயன்பாட்டையும் ஆவணப்படுத்தும் வேலையும் இதே திறனைக் கேட்கிறது.

பொதுச் சுகாதாரத்தில் மானிடவியலாளருக்கு இருக்கும் இடம் 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது எல்லோருக்கும் புரிந்தது. இறந்தவரைக் குளிப்பாட்டுவதில் தொற்று பரவியது. சுகாதாரக் குழுக்கள் உடலைத் தூக்கிக்கொண்டு போனபோது மக்கள் எதிர்த்தார்கள், நோயாளிகளை மறைத்தார்கள். சடங்கில் எதை விட முடியும், எதை விடவே முடியாது என்று குடும்பங்களிடம் கேட்டு அறிந்த பிறகு, பாதுகாப்பும் கண்ணியமும் கூடிய அடக்க நெறிமுறையை உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. காசநோய், தாய்சேய் நலம், மனநலம் சார்ந்த ஆய்வுத் திட்டங்களில் பேட்டியும் கவனிப்பும் கொண்டு ஆயும் பண்புசார் ஆய்வாளர்களுக்கு இன்று தேவை இருக்கிறது.

நிறுவனங்களில் இந்த வேலையின் பெயர் யூஎக்ஸ் ரிசர்ச், அதாவது ஒரு பொருளையோ செயலியையோ மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்வது. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் மானிடவியலாளர் லூசி சச்மன் 1980களில், கெட்டிக்கார விஞ்ஞானிகளே ஒரு நகலெடுக்கும் இயந்திரத்தோடு மல்லாடுவதைப் படம்பிடித்து, கோளாறு ஆளிடம் இல்லை, இயந்திரம் மனிதச் செயலை எப்படிக் கற்பனை செய்திருக்கிறது என்பதில் இருக்கிறது என்று காட்டினார். இன்னொரு மானிடவியலாளரான ஜெனிவீவ் பெல் 1998இல் இன்டெலில் சேர்ந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் இந்த வேலைக்குப் போகிற மானிடவியல் மாணவர்கள் நேர்காணலில் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: கோட்பாடு பேசுகிறார்கள், அதனால் எந்த முடிவு மாறும் என்று சொல்வதில்லை. இரண்டு திட்டங்களை, ஒவ்வொன்றும் ஏழெட்டு ஸ்லைடில், தயார் செய்யுங்கள்: கேள்வி என்ன, எத்தனை பேரை எங்கே பார்த்தோம், எப்படிக் கேட்டோம், என்ன தெரிந்தது, அதனால் எதை மாற்றலாம். முதுகலை ஆய்வேடே ஒரு திட்டம் ஆகலாம். மொய் நோட்டு ஆய்வு செய்தவர், யூபிஐ செயலிக்காரர்களிடம் பேச நிறைய வைத்திருப்பார். அங்கே களப்பணிக்கு ஓர் ஆண்டு தரமாட்டார்கள், இரண்டு மூன்று வாரம்தான்.

குடிமைப்பணித் தேர்வில் மானிடவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம்: இரண்டு தாள், 500 மதிப்பெண், தமிழிலும் எழுதலாம். முதல் தாளில் மனிதப் பரிணாமம், மரபியல் கணிசமாக வரும். பண்பாட்டுப் பகுதியை மட்டும் படித்தவர் அதற்கெனத் தனியாக உழைக்க வேண்டும். வம்சாவளிப் படமும் உறவுமுறை வரைபடமும் வரையத் தெரிந்தவர்களுக்கு இரண்டு தாளிலும் அது கைகொடுக்கும்.

வெளிநாட்டு முனைவர் பட்டம் என்றால், அமெரிக்காவில் ஐந்திலிருந்து எட்டு ஆண்டு, அதில் ஓர் ஆண்டுக்கு மேல் களம். நல்ல துறைகளில் கட்டணமும் உதவித்தொகையும் சேர்ந்தே வரும். பிரிட்டனில் மூன்று நான்கு ஆண்டு, நிதி தனியாகத் தேட வேண்டும். களப்பணிச் செலவுக்கு வென்னர்-கிரென் அறக்கட்டளை 25,000 டாலர் வரை தருகிறது, எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்க விண்ணப்பங்களின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரில் வரும். வழிகாட்டிகளுக்கு செப்டம்பரிலேயே எழுதிவிட வேண்டும். விண்ணப்பத்தோடு கேட்கும் எழுத்து மாதிரிக்கு கோட்பாட்டுக் கட்டுரையை அனுப்பாதீர்கள். ஆய்வேட்டில் களத்தை நேரடியாகக் காட்டும் ஒரு இயலை எடுத்து இருபது பக்கத்துக்குள் சுருக்கி, மேற்கோள்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்து அனுப்புங்கள்.